பாளையத்திற்கு வெளியே

2015 பிப்ரவரி 15 அன்று புதிய கர்தினால்களுடன் நிறைவேற்றிய திருப்பலியில் போப் பிரான்சிஸ் ஆற்றிய மறையுரைக்கு அடிப்படை இரு வாசகங்கள். தோல்நோய் கண்டவன் ஆடை கிழித்து, தன் தீட்டைக் கூவி அறிவித்துப் பாளையத்திற்கு வெளியே தனித்து வாழ வேண்டும் என்னும் லேவியர் நூலின் விதி ஒன்று. அத்தகைய ஒருவரை ஈஸா (அலை) அவர்கள் தொட்டுக் குணமாக்கியதாக மாற்கு கூறும் நிகழ்ச்சி மற்றொன்று. நலமுள்ளோரைக் காக்க நோயாளியை விலக்குவது சட்ட அறிஞர் சிந்தனை. அணைத்து மீண்டும் சேர்ப்பது இறைச் சிந்தனை என்பது உரையின் சாரம். 2025இல் மறைந்த அவர் ஒதுக்கப்பட்டோர்பால் கொண்ட பரிவு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆனால் அதை நிறுவ அவர் கையாண்ட எதிர்நிலை மூலநூலுக்கு நீதி செய்கிறதா?

திருப்பலி வாசகம் 13ஆம் அதிகாரத்தின் இரண்டாம் வசனத்திலிருந்து 44க்குத் தாவிவிடுகிறது. விடுபட்ட பகுதியில் குரு எவரையும் அவசரப்பட்டு வெளியேற்றுவதில்லை. ஐயமிருந்தால் ஏழு நாள், பின்னும் ஏழு நாள் வைத்துப் பார்க்கிறார். உடல் முழுவதும் வெண்மை படர்ந்துவிட்டாலோ, அம்மனிதர் தூய்மையானவர்! சுவரில் இதே குறி தோன்றிய வீட்டைக் குரு பார்வையிட வருமுன், உள்ளிருக்கும் பொருள்கள் தீட்டாகாதபடி அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டுமாம். தொற்றச்சத்தில் பிறந்த சட்டம் இவ்வாறா பேசும்? எபிரேய 'ஸாராஅத்', 1873இல் ஹான்சன் கண்டறிந்த கிருமியால் வரும் நோயன்று என்பதே இன்று ஆய்வாளர் பலரின் கருத்து. கிரேக்கத்தின் 'லெப்ரா' வழியே வந்த குழப்பம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'குஷ்டரோகம்' என நிலைத்துவிட்டது.

14ஆம் அதிகாரமோ மீட்சியின் அதிகாரம். குணமானவரைக் காணக் குருவே பாளையத்தை விட்டு வெளியே செல்கிறார். ஏழையின் காணிக்கை குறைக்கப்படுகிறது. வலக் காது மடல், கைப் பெருவிரல், கால் பெருவிரல் ஆகியவற்றில் இரத்தம் பூசப்படுகிறது. ஹாரூன் (அலை) அவர்களும் புதல்வர்களும் குருக்களாக நியமிக்கப்பட்டபோது பூசப்பட்ட அதே இடங்கள்! மூஸா (அலை) அவர்களின் சகோதரி ஏழு நாள் வெளியே இருந்தபோது, அவர் திரும்பும்வரை சமூகமே பயணம் புறப்படவில்லை என எண்ணாகமம் 12 கூறுகிறது. மாற்குவிலும், குணமானவரைக் குருவிடம் சென்று மூஸாவின் கட்டளைப்படி காணிக்கை செலுத்தவே ஈஸா (அலை) பணிக்கிறார்கள்.

சட்டத்தையும் அருளையும் எதிரெதிரே நிறுத்தும் இந்தத் தராசில் நம் ஷரீஅத்தும் பன்முறை நிறுக்கப்பட்டிருக்கிறது. அதே வேளையில், யூதச் சட்டத்தின் கடுமையைக் காட்டி நம் மார்க்கத்தின் எளிமையை நிறுவும் பயான்களை நாமும் கேட்டுத்தான் வருகிறோம். தொழுநோயாளியிடமிருந்து சிங்கத்தைக் கண்டு ஓடுவதுபோல் விலகுமாறு கூறும் புகாரீ அறிவிப்பை மட்டும் ஒருவர் வெட்டியெடுத்து வாசித்தால் நம் முகம் எப்படித் தோன்றும்? அந்த அறிவிப்பே தொற்று இல்லை என்று தொடங்குவதையும், இரண்டையும் இணைத்துப் பொருள்காண முஹத்திஸ்கள் உழைத்ததையும் அவர் அறியமாட்டார்.

குர்ஆன் 3:49இல் வெண்தோல் நோயாளியை அல்லாஹ்வின் அனுமதியால் குணமாக்குவதாக ஈஸா (அலை) கூறுகிறார்கள். அடுத்த வசனத்திலேயே, தமக்கு முன்னுள்ள தவ்ராத்தை மெய்ப்பிக்கவும், விலக்கப்பட்டவற்றுள் சிலவற்றை ஆகுமாக்கவும் வந்ததாக அறிவிக்கிறார்கள். சிலவற்றை மட்டுமே.