எரிக் ஃப்ராமின் இருபது நிமிடங்கள்

எரிக் ஃப்ராமைத் தன்னம்பிக்கைப் புத்தகக்காரர்களிடமிருந்து மீட்க வேண்டும் என்று கொஞ்ச காலமாக ஒரு குரல் கேட்கிறது. நியாயமான ஆதங்கம்தான். பூப்போட்ட பின்னணியில் அவர் பெயரோடு ஒரு வரி, பக்கத்தில் ஒரு இதயம். அந்த வரியை அவர்தான் எழுதினாரா என்று யாரும் பார்ப்பதில்லை. தம்பதியருக்கு ஆலோசனை சொல்பவர்கள் அவருடைய 'அன்பு எனும் கலை'யைப் படிக்கச் சொல்கிறார்கள். கல்யாணப் பரிசாகக் கொடுப்பவர்களும் உண்டு. இதையெல்லாம் பொறுக்காத ஃப்ராமின் அன்பர்கள் வாதாடுகிறார்கள்: அவர் மார்க்ஸியர், ஃப்ராங்க்ஃபர்ட் ஆய்வுக் கழகத்தில் உருவானவர், முதலாளியம் மனித மனத்தை என்ன செய்கிறது என்று சொன்னவர், அவரை ஆறுதல் வாசகம் எழுதுபவராகச் சுருக்கியது சந்தை செய்த அநியாயம். சந்தை அவரைச் சுருக்கியது உண்மை. ஆனால் தவறாகப் படித்துவிட்டது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1956ல் வந்த அந்தச் சிறிய புத்தகத்தில் அப்படிப் படிப்பதற்கான இடம் தாராளமாகவே இருக்கிறது.

கொடுக்க வேண்டியதை முதலில் கொடுத்துவிடுவோம். ஹிட்லரின் படை ஐரோப்பாவை மிதித்துக்கொண்டிருந்த 1941ல் 'சுதந்திரத்திலிருந்து தப்பித்தல்' கேட்டது பெரிய கேள்வி: பழைய கட்டுகள் அறுந்த மனிதன் ஏன் புதுக் கட்டுகளைத் தேடி ஓடுகிறான்? அதிகாரத்திடம் சரணடைவது, அழிப்பது, கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துபோவது என்று அவர் பிரித்துக்காட்டிய மூன்று தப்பிக்கும் வழிகள் இன்றும் நமக்கு உதவுகின்றன. ஃப்ராய்டின் இயல்பூக்கக் கோட்பாட்டை விட்டு, மனிதன் உலகத்தோடு எப்படி உறவு கொள்கிறான் என்பதை அவர் மையமாக்கியதிலும் எனக்குக் குறையில்லை. அதே ஃப்ராங்க்ஃபர்ட் வட்டத்தின் ஹெர்பர்ட் மார்க்யூஸ் அதைத்தான் குறை சொன்னார். 1955ல் 'டிசென்ட்' இதழில் தொடங்கிய அந்தச் சண்டை அடுத்த ஆண்டும் நடந்தது. லிபிடோவை, அதாவது பாலியல் இயல்பூக்கத்தை, கைவிட்டவர் சமூக விமர்சனத்தின் கூர்மையையும் கைவிட்டார் என்ற மார்க்யூஸின் வாதம் இடதுசாரிகளிடம் நன்றாக எடுபட்டது. என் கணக்கில் அது இலக்குத் தவறிய அடி.

என் மறுப்பு வேறு, பழையதும்கூட. ஃப்ராம் சமூகத்தின் மேல் குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டுத் தண்டனையைத் தனிமனிதனுக்கு விதிக்கிறார். 'அன்பு எனும் கலை' சொல்வது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அன்பு தானாக நம்மேல் வந்து விழும் உணர்ச்சி அல்ல, ஆற்றல். சரியான ஆள் கிடைப்பதைவிட நேசிக்கத் தெரிவதே முக்கியம். இசையையும் தச்சுவேலையையும்போல அதையும் கற்றுத்தான் தேர வேண்டும். அக்கறை, பொறுப்பு, மரியாதை, அறிதல் நான்கும் அதில் இருக்க வேண்டும். கேட்க இதமாக இருக்கிறது. கண்டதும் காதல் என்று சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு விடுதலையாகக்கூட இருக்கும். ஆனால் அன்பு ஓர் ஆற்றல் என்று சொன்ன கையோடு இன்னொரு முடிவும் கூடவே வந்துவிடுகிறது: உறவு கசந்ததா, உனக்கு ஆற்றல் போதவில்லை. வேலை நேரம், வாடகை, வீடு யார் பெயரில் இருக்கிறது, விட்டுப்போனால் எங்கே தங்குவது என்பதெல்லாம் கணக்கிலேயே வருவதில்லை.

கடைசி அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். செய்முறைக் குறிப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள் என்று தொடக்கத்திலேயே எச்சரிக்கிறார். பிறகு அவர் தருவது செய்முறைக் குறிப்பேதான். தினமும் ஒரே நேரத்துக்கு எழு. காலையில் குறைந்தது இருபது நிமிடம், இரவு படுக்கப்போகும் முன்னும் ஒருமுறை, கண்ணை மூடித் தளர்வாக உட்கார்ந்து மூச்சைக் கவனி. துப்பறியும் கதையும் சினிமாவும் அளவோடு இருக்கட்டும். சாப்பாட்டிலும் குடியிலும் மிதம் வேண்டும். வெட்டிப்பேச்சு கூடாது, உள்ளுக்குள் செத்துப்போனவர்களின் சகவாசமும் கூடாது. மறு ஆண்டே மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் டி.டி. சுசுகியோடு ஜென் பற்றிக் கருத்தரங்கு நடத்தியவர் அவர். அந்த நாட்டம் இங்கேயே தெரிகிறது. யோசனைகளில் தப்பில்லை. நம் ஊர் யோகா ஆசிரியர் எவரும் இவற்றைச் சொல்வார்.

நான் கேட்பது சில்லறைக் கேள்வி. அந்த இருபது நிமிடத்தில் குழந்தை அழுதால் யார் எழுந்து போவது? காலை ஆறரைக்கு அடுப்படியில் நிற்பவருக்கு அந்த இருபது நிமிடத்தை யார் தருவது? ஃப்ராமின் பயிற்சியைச் செய்பவருக்கு வீட்டுவேலை என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. அவர் சொல்லும் நான்கில் முதலாவது அக்கறை. அதற்கு அவர் எடுத்துக்காட்டும் முதல் ஆள், குழந்தைக்குப் பாலூட்டாமல் குளிப்பாட்டாமல் விட்டுவிட்டுப் பாசம் இருக்கிறது என்று சொல்லும் தாய். அவளை யார் நம்புவார்கள் என்று கேட்கிறார். அடுத்து, பூ பிடிக்கும் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறக்கும் ஒரு பெண். இரண்டு இடத்திலும் சோதனைக்கு நிற்பது பெண்தான். ஊட்டாத தகப்பன், குளிப்பாட்டாத தகப்பன் அந்தப் பக்கத்தில் இல்லை. அக்கறையை அளக்கும்போது அவன் நினைவுக்கே வரவில்லை என்றால், அந்த வேலை யாருடையது என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது என்று பொருள்.

தற்செயலாக விழுந்த உதாரணங்கள் என்று விட்டுவிடலாம் என்றால், அடுத்து வரும் பகுதி விடுவதில்லை. தாயன்பு நிபந்தனையற்றது, தந்தையன்பு நிபந்தனையுள்ளது என்கிறார். தாய் நமக்கு இயற்கை, மண், கடல். தந்தை சிந்தனை, சட்டம், ஒழுங்கு, பயணம், சாகசம். நான் கேலிக்காகச் சேர்த்த பட்டியல் அல்ல, அவர் போட்ட பட்டியல். இவையெல்லாம் தூய வகைகள், ஒவ்வொரு பெற்றோரும் அச்சாக இப்படி இருப்பார்கள் என்று பொருளல்ல என்று இடையில் ஒரு குறிப்பும் உண்டு. அதைச் சொல்லிவிட்டு வகைகளை வைத்துத்தான் மேலே கட்டுகிறார். ஆணும் பெண்ணும் இரு துருவங்கள், அவை இணைவதே நிறைவு என்றாகிறது. அந்த வாய்பாட்டில் தன்பால் ஈர்ப்புக்கு இடமில்லாமல்போய், அது இணைவில் ஏற்படும் தோல்வி ஆகிவிடுகிறது. காலத்தின் பார்வை என்று இதற்குச் சமாதானம் சொல்கிறார்கள். சமூகம் மனிதனின் குணத்தை எப்படி வார்த்தெடுக்கிறது என்று கண்டுபிடித்ததாகப் புகழப்படுபவர், தன் காலத்துச் சமூகம் வார்த்ததை இயற்கை என்று நம்பினார் என்றால், அதைக் காலத்தின் கணக்கில் எழுதிவிட்டு எப்படிப் போவது?

இதே காலத்தில் வேறு மாதிரியும் எழுத முடிந்திருக்கிறது. ஏழு ஆண்டு முன்பு, 1949ல் வெளியான 'இரண்டாம் பாலின'த்தில் சிமோன் த பொவ்வார் காதல்வயப்பட்ட பெண்ணுக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். காதல் ஆணின் வாழ்க்கையில் ஒரு பகுதி, பெண்ணுக்கு அதுவே வாழ்க்கையாக்கப்பட்டிருக்கிறது. காரணம் அவள் மனத்தின் முதிர்ச்சியின்மை அல்ல, அவள் நிற்கும் இடம் என்று காட்டினார். ஃப்ராம் இதைப் பார்க்கவே இல்லை. அவருடைய அகராதியில் மற்றவரோடு ஒட்டிக்கொண்டு, தன்னைக் கரைத்துக்கொண்டு வாழ்வது ஒரு நோய்க்கூறு. சுதந்திரத்திலிருந்து தப்பிக்கும் வழிகளில் ஒன்று. சரி, ஆனால் தப்பித்து ஓட முதலில் கையில் சுதந்திரம் இருக்க வேண்டுமே. அவர் புத்தகம் வெளியான நியூயார்க்கில், கணவன் கையெழுத்து இல்லாமல் ஒரு மனைவிக்குக் கடன் தர வங்கி மறுக்கலாம். கடனில் அந்தப் பாகுபாட்டைத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் 1974ல்தான் வந்தது. கணவன் மனைவியை வன்புணர்ந்தால் அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் அன்று குற்றமில்லை. (நம் சட்டத்தில் அந்த விலக்கு இன்னும் இருக்கிறது.) மரியாதை அன்பின் மூன்றாவது கூறு என்று எழுதும் புத்தகத்தில் இவற்றுக்கு அரைப் பத்திகூட இல்லை. மரியாதையை அவர் மனத்துக்குள்ளேயே தேடினார், பதிவேட்டிலும் சட்டத்திலும் தேடவில்லை.

இன்னொரு வசதியும் அவர் செய்துகொண்டார். முதிர்ந்த அன்பு, உண்மையான அன்பு, உற்பத்தித் தன்மையுள்ள குணம் என்று அடைமொழிகளை முன்னால் வைத்துவிட்டால் கோட்பாடு தோற்கவே தோற்காது. நான்கு கூறுகளும் இருந்தும் ஓர் உறவு உடைந்ததா? அப்படியானால் அது முதிர்ந்த அன்பு இல்லை. இருபதாண்டுக்கு மேல் உளப்பகுப்பாய்வு அனுபவம் உள்ளவரின் புத்தகத்தில், பெயரில்லாமலாவது, சோபாவில் வந்து படுத்த ஒரு மனிதரின் கதை முழுதாக இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃப்ராய்டிடம் எத்தனை பிழை இருந்தாலும், அவர் கதை எழுதிவைத்த நோயாளிகள் டோராவும் எலி மனிதனும் இருக்கிறார்கள். அவர் முடிவோடு சண்டைபோட அவர்களே நமக்குச் சான்று தருகிறார்கள். ஃப்ராமோடு சண்டைபோடப் பிடிமானமே கிடைப்பதில்லை.

அவர் தரப்பில் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. முதலாளியச் சமூகத்தின் அடிப்படை விதியும் அன்பின் விதியும் ஒத்துப்போகாதவை என்று அவரே எழுதியிருக்கிறாரே, அன்பு பரவலாக வேண்டுமென்றால் சமூக அமைப்பு மாற வேண்டும் என்கிறாரே, 'மனவளமான சமுதாய'த்தில் தொழிலாளர் பங்கேற்புப் பற்றிப் பேசவில்லையா என்பார்கள். எழுதினார், பேசினார். ஆனால் தொழிற்சாலை ஒரு புத்தகத்தில் இருக்கிறது, படுக்கையறை இன்னொன்றில் இருக்கிறது. அன்பைப் பற்றிய புத்தகத்தில் அமைப்பு மாற்றம் கடைசிச் சில பக்கங்களுக்கு வருகிறது, அதுவும் அறைகூவலாக. அதற்குள் வாசகர் மூச்சைக் கவனிக்கத் தொடங்கியிருப்பார்.

முதலாளியம் பற்றிய அந்த வாதமாவது உறுதியானதா? நவீன மனிதன் தன் சந்தை மதிப்பை எடைபோட்டு, அதற்குக் கட்டுப்படியாகும் நல்ல சரக்கைத் துணையாகத் தேர்கிறான் என்கிறார் ஃப்ராம். டேட்டிங் செயலிகள் வந்த பிறகு இது தீர்க்கதரிசனமாகவே கொண்டாடப்படுகிறது. ஆனால் பேரம் எப்போது இல்லாமலிருந்தது? ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் ஒவ்வொரு மாப்பிள்ளையின் ஆண்டு வருமானமும் பவுண்டு கணக்கில் சொல்லப்படுகிறது. ஐரோப்பாவின் விவசாயக் குடும்பங்களும் பிரபுக் குடும்பங்களும் நிலத்தையும் சீதனத்தையும் வைத்தே சம்பந்தம் பேசின. எத்தனை சவரன் என்ற கேள்வி காதில் விழாமல் வளர்ந்த தமிழ் வாசகர் யார்? குடும்பங்கள் கல்யாணத்தை ஏற்பாடு செய்த காலம் ஒன்று இருந்ததை ஃப்ராமும் குறிப்பிடுகிறார், ஆனால் அங்கே நடந்த பேரத்தைப் பார்க்காமல் தாண்டிவிடுகிறார். பேரம் பழையது, முன்பு குடும்பங்கள் பேசின, இப்போது இளைஞர்கள் தாங்களே பேசுகிறார்கள். அந்த மாற்றத்தில் பெண்ணுக்குக் கிடைத்ததும் உண்டு, இழந்ததும் உண்டு. அதைக் கணக்கிட வரலாறு வேண்டும், அவரிடம் இருப்பது ஏக்கம்.

எனக்கு இதில் எரிச்சல் கூடுவதற்குக் காரணம், அவருக்கு இதைவிட நன்றாகச் செய்யத் தெரியும் என்பதுதான். மைக்கேல் மக்கோபியோடு சேர்ந்து 1970ல் வெளியிட்ட மெக்சிகோ கிராம ஆய்வில், ஒருவரின் குணத்துக்கும் அவர் பயிரிடும் நிலத்துக்கும், பழைய பண்ணையடிமை முறை விட்டுப்போன தழும்புக்கும் என்ன தொடர்பு என்று பொறுமையாகத் தேடுகிறார்கள். அதற்கு நாற்பது ஆண்டு முன்பே இன்னும் பெரிய முயற்சி ஒன்று நடந்தது.

1929ல் ஃப்ராங்க்ஃபர்ட் ஆய்வுக் கழகத்துக்காக ஃப்ராமும் ஹில்ட வைஸும் ஜெர்மானியத் தொழிலாளர்களிடமும் ஊழியர்களிடமும் ஒரு கேள்விப் படிவத்தைக் கொண்டுபோனார்கள். மொத்தம் 271 கேள்வி. சுமார் 3,300 படிவங்கள் கொடுத்ததில் 1,100 அளவில் திரும்பி வந்தன. நாடுவிட்டு ஓடியதில் பல தொலைந்து, கடைசியில் ஆய்வுக்கு மிஞ்சியவை 584. யாருக்கு ஓட்டு என்பதோடு கேள்வி நிற்கவில்லை. சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறீர்கள்? அடிக்காமல் பிள்ளை வளர்க்க முடியுமா? பெண்கள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்வது பிடிக்கிறதா? பவுடரும் உதட்டுச்சாயமும் போடலாமா? கல்யாணமான பெண் வேலைக்குப் போகலாமா? பதில்களை எழுதிய சொற்களிலேயே, உளப்பகுப்பாய்வாளர் நோயாளியின் பேச்சைக் கேட்பதுபோல, படித்தார்கள். அரசியல் கேள்விக்குக் கட்சி அறிக்கையை ஒப்பித்த இடதுசாரி, பிள்ளையின் முதுகும் மனைவியின் முடியும் என்று வரும்போது வீட்டுக்குள் சிறு சர்வாதிகாரியாக இருப்பது அதில் தெரிந்தது. சொல்லும் உணர்ச்சியும் ஒன்றாக நின்று எதிர்க்கக்கூடியவர்கள் இடதுசாரிக் கட்சியினரில் சுமார் 15 விழுக்காடுதான் என்ற முடிவுக்கு வந்தார்கள். 1933ல் ஹிட்லர் ஆட்சியைப் பிடித்தபோது என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும்.

அன்பும் சுதந்திரமும் அரசியலும் ஒரே வீட்டில் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதை ஃப்ராம் கையில் பிடித்த இடம் அது. ஆய்வுக் கழகம் அதை வெளியிடவில்லை. கழகத்தின் இயக்குநர் ஹோர்க்ஹைமரோடு ஏற்பட்ட பிணக்கில் அது கிடப்பில் கிடந்து, ஃப்ராம் இறந்த 1980ல்தான் ஜெர்மனில் புத்தகமானது. அவரைச் சந்தையிடமிருந்து மீட்கக் கிளம்பியவர்கள் இந்த ஆய்வைப் பற்றி எழுதி நான் அதிகம் பார்த்ததில்லை. அவரும் 1956ல் அந்தப் படிவங்களை நினைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நினைத்திருந்தால் முடியைப் பற்றிய கேள்வியிலிருந்தே அன்பைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுதியிருக்கலாம், அதற்கு மூச்சுப் பயிற்சி தேவைப்பட்டிருக்காது. அந்த ஆய்விலும் ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. மனைவி வேலைக்குப் போகலாமா, பவுடர் போடலாமா, பிள்ளையை அடிக்கலாமா என்று பதில் எழுதியவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்கள் மனைவிகளிடம் யாரும் படிவத்தை நீட்டவில்லை.