தோட்டத்துச் சதிர்

சதிர் கோயிலிலிருந்து நேரே சபா மேடைக்கு வந்துவிட்டதாக நம்புகிறவர்கள் ‘சர்வதேவவிலாஸம்’ படிக்கவேண்டும். 1800ஐ ஒட்டிய சென்னையைச் சொல்லும் சமஸ்கிருதச் சம்பு. இரண்டு பண்டிதர்கள் நகரைச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் காண்பது கும்பினிக் காலத்துப் பிரபுக்களின் தோட்டங்கள். அங்கே கூடும் வித்வான்கள், புலவர்கள், ஒவ்வொரு பிரபுவுக்கும் ஒரு தாசி. கோயில் காரியம் பார்க்கிறவரும் தோட்டத்தில் சதிர் பார்க்கிறவரும் ஒரே ஆள்தான். பணமும் ஒரே பணம்.

இலக்கியமாக நூல் சுமார். துதி அதிகம், உவமைகள் பழசு. ஆனாலும் ஒரு விஷயம் மனசில் நிற்கிறது. தாசிகளின் பெயர்கள் இருக்கின்றன, எழுதியவன் பெயர் இல்லை.

இதைப் பதிப்பித்தவர் டாக்டர் வி. ராகவன், மியூசிக் அகாதெமியின் செயலாளர். சதிர் ‘பரதநாட்டிய’மானதில் அந்த அகாதெமிக்குப் பங்குண்டு. தோட்டத்தின் சாட்சியத்தை அவரே அச்சில் தந்தது புலமையின் நேர்மை. கோயிலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தோட்டத்தை மறந்தது நம் ரசிகர்களின் சௌகரியம்.

அந்த அகாதெமி எங்கள் பல்லடம் சஞ்சீவ ராவின் குழலுக்கு 1943இல் சங்கீத கலாநிதி தந்தது. தகும். தாசி மரபில் வந்த பாலசரஸ்வதிக்கு அது கிடைத்தது 1973இல். ஆடுகிறவர் ஒருவருக்கு அதுதான் முதல் தடவை. தோட்டத்தில் நடு இடம் அவளுக்கு இருந்தது.