மலையகத்தின் முதுமையும் நமது எழுத்தாளரும்

1950ஆம் ஆண்டில் ஏறத்தாழ 250 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை, 2022 நவம்பரில் 800 கோடியை எட்டியதென ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. இப்பெருக்கத்தைக் கண்டு அஞ்சியோர் இன்று வேறொன்றைக் கண்டு அஞ்சுகின்றனர். பிறப்புக் குறைகிறது, முதியோர் மிகுகின்றனர். உழைக்கும் கை சுருங்கி, உண்ணும் வாய் பெருகுகிறது என்கின்றனர். 1798இல் மால்தூஸ் பாதிரியார் ஏழையின் வறுமைக்கு அவன் பெற்ற பிள்ளைகளையே காரணங் காட்டினார். இன்றைய கணக்கர்களோ ஏழை நெடுங்காலம் வாழ்வதையே சுமை என்கின்றனர். மனிதனைக் கையாகவும் வாயாகவும் பிரித்து எண்ணும் ஒரே நோக்கின் இரு முகங்களே இவை.

இந்நோக்கின் பொய்மையை அறிய விரும்புவோர் கொத்மலைக்கு வரவேண்டும்.

இலங்கையில் 1946இல் ஆயிரத்துக்கு 20ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14ஆக வீழ்ந்தது. மலேரியா ஒழிப்பும் வைத்திய வசதியின் பரவலும் அதற்குக் காரணங்களாகக் கூறப்படும். அக்காலத்தில் பிழைத்த குழந்தைகளே இன்றைய முதியோர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைத் தாண்டியவர். இது மக்கள் பெற்ற வெற்றி, சாபமன்று.

ஆனால் தேயிலை மலைகளில் முதுமை இயற்கையாக மட்டும் வந்ததன்று. 1946இல் இந்தியத் தமிழர் நாட்டின் மக்கள்தொகையில் 11.7 வீதத்தினர், 1981இல் 5.5 வீதத்தினரே. குறைந்தவர்கள் இறந்தவர்களல்லர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். தாய் ஒரு கரையிலும் மகன் மறுகரையிலுமாகக் குடும்பங்கள் சிதறின. இன்றோ வேலையின்மையும் குறைந்த கூலியும் இளைஞரைக் கொழும்புக் கடைகளுக்கும், இளம் பெண்களை மத்திய கிழக்கின் வீடுகளுக்கும் விரட்டுகின்றன. லயத்து இஸ்தோப்பில் எஞ்சியிருப்பவள் பாட்டி.

இப்பாட்டியை நமது இலக்கியம் கண்டதுண்டா?

மலையக இலக்கியத்தின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தான அதே 1964இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வெளிவந்தது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கொழுந்து பறிக்கும் பெண்ணின் கைத்திறனுக்கு இலக்கியத் தகுதியளித்தது. 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்றப் பிரதிநிதியாகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, 'வீடற்றவன்' என்ற பெயரிலேயே தோட்டத் தொழிலாளியின் நிலையைச் சொல்லிவிட்டார். தொழிற்சங்கப் போராட்டத்தின் உலைக்களத்தில் உருவான இலக்கியம் இது. உழைப்பவனே அதன் நாயகன், அது நியாயமே.

ஆயினும் அந்த நியாயத்துக்குள் ஒரு குறையும் ஒளிந்திருக்கிறது. கூடை சுமக்கும்வரைதான் மனிதனுக்கு மதிப்பு என்பது பெரட்டுக்களத்தில் துரை வகுத்த அளவுகோல். நமது கதைகளிற் பல, துரையை எதிர்த்துக்கொண்டே அவனுடைய அளவுகோலைக் கையிலெடுத்து விட்டன. மலைக்குப் போகும் குமரியும் சங்கம் வைக்கும் வாலிபனும் கதையை நடத்த, முதியவரோ பழைய ஊரை நினைந்து அழுவதற்கும் அனுதாபத்தைத் திரட்டுவதற்குமே பெரும்பாலும் வருகின்றனர்.

உண்மை என்ன? பெண் ஐம்பது வயதிலும் ஆண் ஐம்பத்தைந்திலும் சேமலாப நிதியைப் பெறலாம் என்கிறது சட்டம். அப்பணம் மகளின் கலியாணத்துக்கோ பழைய கடனுக்கோ போய்விடுகிறது. லயக் காம்பரா தோட்டத்துக்குரியது; வீட்டில் எவரும் பேர் பதியாதபோது அதில் குடியிருக்கும் உரிமையும் ஆட்டங் காண்கிறது. ஏழு பேர்ச் நிலத்துடன் தனி வீடு கட்டும் திட்டம் அண்மை ஆண்டுகளில் சிலரை எட்டியுள்ளது. லயத்திலேயே கிடப்போர் இன்னும் மிகப் பலர்.

ஆனால் அப்பாட்டி வெறும் வாயல்லள். மகள் அந்நிய நாட்டில் உழைக்க, பேரப்பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புபவள் அவளே. விறகு பொறுக்கி, நீர் சுமந்து, அடுப்பெரிப்பவளும் அவளே. மகள் அனுப்பும் அந்நியச் செலாவணியை நாடு எண்ணுகிறது; அதைச் சாத்தியமாக்கும் பாட்டியின் உழைப்பை எண்ணுவதில்லை. கூலியின்மையை வேலையின்மையாகக் கொள்ளும் கணக்கு இங்கே தகர்கிறது.

1985இல் கொத்மலை ஓயாவை அணைகட்டித் தேக்கி மின்சாரம் எடுக்கத் தெரிந்த நாட்டுக்கு, அந்த மலைகளிலேயே ஆயுளைச் செலவிட்டவளுக்கு உறுதியுடன் கூடிய ஒரு வீடும் மாதாந்த ஓய்வூதியமும் வகுக்கத் தெரியாதா? இக்கேள்வியை எழுப்ப வேண்டியவர்கள் அரசியலாளர் மட்டுமல்லர். அவளை அனுதாபப் பொருளாகவன்றி உரிமையுள்ள உழைப்பாளியாகக் காட்டும் கதையை நாம் எதிர்பார்க்கிறோம். தோட்டப் பாடசாலைகளில் படித்துவரும் இளைய எழுத்தாளர்கள் அதை எழுதட்டும். அவர்களை வளர்த்தவள் அந்தப் பாட்டிதானே!