கழற்றுவதில் ஒரு ருசி

பழைய ஸ்டீல் ரேஸ் சைக்கிளை ஃபிக்ஸட் கியராக மாற்றுகிறவர்கள் புதுச் சக்கரத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய வேலை, கழற்றுவது. கியர் லீவர், டிரெய்லியர், கேபிள் எல்லாம் சட்டென்று வந்துவிடும். விளையாட்டே இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் நடு அச்சில்தான். இங்கிலாந்து அளவுச் சட்டங்களில் அந்த அச்சைத் தாங்கும் செயின் பக்கக் கப்புக்கு இடது மரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். மிதிக்க மிதிக்க அச்சின் பாரம் சுற்றிச் சுற்றி அழுத்தி, அந்தப் பக்கத்து வலது மரையைத் தளர்த்தப் பார்க்கும். அதற்குத்தான் இந்த எதிர்மரை. இத்தாலிக்காரர்களோ இரண்டு பக்கமும் வலது மரையே வைத்தார்கள். அழகான பிடிவாதம், கப்பை நன்றாக இறுக்காவிட்டால் தளர்ந்தும் போகும்.

ஸ்டீல் குழாய்க்குள் சிக்கிய அலுமினிய சீட் கம்பி வேறு ரகம். ஈரம் பட்டு அலுமினியம் அரித்து ஸ்டீலோடு ஒட்டிக்கொள்ளும். எண்ணெய் விட்டு ஊறவைத்து, மெல்லத் திருகித் திருகித்தான் எடுக்கவேண்டும்; சுத்தியலைத் தூக்குகிறவர் சட்டத்தையே கெடுப்பார்.

பற்றவைத்த கேபிள் கொக்கிகளைச் சிலர் அரத்தால் ராவி எடுக்கிறார்கள். எனக்கு மனம் வராது. நாளைக்கு யாராவது மறுபடி கியர் பூட்ட நினைக்கலாமே. முன்பிரேக்கை மட்டும், பிரேக் இல்லாததுதான் அழகு என்று யார் சொன்னாலும், கழற்றாதீர்கள்.