நல்லெண்ணமும் அயலானும்

எண்ணம் எப்படியோ வாழ்வும் அப்படியே என்னும் போதனை இன்று நம் சபைகளிலும் இல்லங்களிலும் ஆழமாக வேரூன்றியுள்ளது. நேர்மறைச் சிந்தனை எனப்படும் இப்போதனை, ஒருவர் தம்மைத் தாம் நடத்தும் முறையை மட்டுமன்று, பிறரை நடத்தும் முறையையும் மாற்றிவிடுகிறது. அம்மாற்றம் எத்தன்மையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு நம்மைத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறோம். திருவள்ளூர் இரயில் நிலையத்தை அடுத்த மணவாள நகரில், ஒப்பந்தத் தொழிலாளியான ஓர் இளைஞர், பிரஸ் இயந்திரத்தில் இரு விரல்களை இழந்து வீட்டிலிருந்தார். காயம் ஆறிய பின்னும் அவரை வேலைக்கு அழைப்பார் இல்லை. அவரைக் காணச் சென்ற நாம், "தம்பி, மனம் தளராதீர்கள், நல்லதையே நினையுங்கள், நல்லதே நடக்கும்" என்று கூறி, ஜெபித்து எழுந்தோம். வாசல்வரை வந்த அவர் மனைவி, "நல்லதைத்தான் ஐயா நினைத்துக்கொண்டிருக்கிறோம், ஒப்பந்தக்காரர்தாம் போனை எடுப்பதில்லை" என்றார். அச்சொல்லில் கோபம் இல்லை. ஆனால், அவ்வீட்டில் நாம் பத்து நிமிடங்கூட அமரவில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

தமிழில் இப்போதனைக்கு மதிப்புமிக்க நுழைவாயில் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலன் 1903இல் வெளியிட்ட சிறு நூலை வ. உ. சிதம்பரம் பிள்ளை 'மனம்போல வாழ்வு' என்னும் பெயரில் மொழிபெயர்த்தார். 1908 முதல் 1912 வரை நீண்ட சிறைவாசத்தின்போது அவர் மேற்கொண்ட பணி அது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த ஒருவர், தம் உள்ளத்தைத் தாமே ஆள இந்நூலில் துணை தேடினார் எனில், அதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு உரிமை இல்லை.

ஆயினும் ஆலன் மூலநூலில் ஓரிடத்தில், ஒருவன் சிறைக்கோ ஏழையர் விடுதிக்கோ வந்து சேர்வது சூழ்நிலையின் கொடுமையால் அன்று, தன் இழிந்த எண்ணங்களாலேயே என்னும் கருத்தை உரைக்கிறார். இக்கூற்றைச் சிறையிலிருந்த சிதம்பரனாரோடு வைத்துப் பார்த்தாலே அதன் குறை விளங்கும். அவரைச் சிறைக்கு அனுப்பியது அந்நிய ஆட்சி. இழிந்த எண்ணம் அன்று. சிறை செல்லுமுன் 1908இல், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, 'எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்' என்று கூறி அவர் விலகிவிடவில்லை. கூலி உயர்வுக்காகவும் வார ஓய்வுக்காகவும் அவர்களோடு நின்றார், அவை கிடைத்தன. தமக்கு ஒழுக்கமாகக் கொண்டதை அவர் பிறர்மேல் தீர்ப்பாகச் சுமத்தவில்லை.

இப்போதனையைப் பிரசங்க பீடத்திலிருந்து உலகெங்கும் பரப்பியவர்களுள் முதன்மையானவர், நியூயார்க்கில் 1932 முதல் 1984 வரை போதகராயிருந்த நார்மன் வின்சென்ட் பீல். 1952இல் வெளிவந்த அவருடைய நூல், அச்சத்தில் உழன்ற பலருக்குத் துணிவளித்தது உண்மையே. ஆனால் தன் மனத்தின் அமைதியே மையமாகிவிட்டால், அயலானின் துயரம் அவ்வமைதியைக் குலைக்கும் இடையூறாகத் தோன்றத் தொடங்கும். மார்பகப் புற்றுநோயால் வருந்திய அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரென்ரைக், நோயாளி மகிழ்ச்சியோடு இருந்தே தீரவேண்டும் என்னும் வற்புறுத்தல் இரண்டாம் சுமையாகிவிடுவதை 2009இல் வெளியிட்ட நூலில் எடுத்துரைத்தார். யோபுவின் நண்பர்களும் ஏழு நாள் தரையில் மௌனமாய் அமர்ந்திருந்தவரை நண்பர்களாகவே இருந்தனர். விளக்கம் கூறத் தொடங்கியதும் நீதிபதிகளாயினர்.

அங்ஙனமாயின் உறவில் நேர்மறைச் சிந்தனை வேண்டுவதில்லையோ எனில், வேண்டும். மருமகளின் ஒரு சொல்லுக்குத் தீய பொருள் கொள்ளாதிருத்தல், வேலைக்கு வராதவனைச் சோம்பேறி என முடிவு செய்யுமுன் காரணம் கேட்டல், தவறியவன் திருந்துவான் என எதிர்நோக்குதல் ஆகிய இவை பிறரைக் குறித்து நாம் கொள்ளும் நல்லெண்ணம். பிறர் கொள்ளவேண்டும் என்று நாம் கட்டளையிடும் நல்லெண்ணமோ வேறு. முன்னது உறவை வளர்க்கும். பின்னது உறவின் கடமையிலிருந்து நழுவ வழி தேடும். வள்ளுவர் நட்புக்கு உவமையாக்கியது, உடை நழுவுகையில் தானே விரையும் கையை. அக்கை அறிவுரை கூறுவதில்லை.

பிலிப்பியர் நிருபமும் சிறையில் எழுதப்பட்டதே. சிந்திக்கத் தக்கவற்றை நான்காம் அதிகாரத்தில் அடுக்கும் பவுல், உண்மையானவற்றையே முதலில் வைக்கிறார். சில வசனங்களுக்குப் பின், தம் நெருக்கத்தில் பங்குகொண்ட சபையாரைப் பாராட்டுகிறார். நற்சிந்தனையும் துயரில் பங்கும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன.

நாம் மறுபடியும் அவ்வீட்டிற்குச் சென்றோம். பாயில் அமர்ந்து அவருடைய தாள்களைப் பார்த்தோம். அவர் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தது. காப்பீடு பெற்றவர் ஒப்பந்தத் தொழிலாளியாயினும், வேலையில் உறுப்பிழந்தால், குறைந்துபோன சம்பாத்தியத் திறனுக்கேற்ப உதவித்தொகை உண்டு. அதை அவரும் அறியார். அதுவரை நாமும் அறியோம். அலுவலகத்திற்கு உடன் சென்று வந்தோம். முடிவு இன்னும் வரவில்லை, மீண்டும் செல்லவேண்டும்.

ஊழியத்திற்குப் புறப்படும் நம் மாணவர்கள் நம்பிக்கையைப் பிரசங்கிக்கட்டும். ஆனால் 'நல்லதையே நினையுங்கள்' என்று சொல்ல வாயெடுக்குமுன், அவ்வீட்டின் பாயில் அமர்ந்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.