வறண்ட மண்ணும் வசதியான விளக்கமும்

சமூகங்களின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் புவியியலே அடிப்படை என்ற வாதம், ஜாரெட் டயமண்டின் 'துப்பாக்கிகள், கிருமிகள், எஃகு' (1997) வெளிவந்த பின்னர் நம்மவர் மத்தியிலும் செல்வாக்குப் பெற்றது. இனங்களுக்கிடையே பிறப்பிலேயே அறிவு வேறுபாடு உண்டென்னும் நிறவாதத்தை அந்நூல் மறுக்கிறது. அவ்வளவில் அது வரவேற்கத்தக்கது. ஆனால் 2005இல் வந்த 'வீழ்ச்சி' நூலில், சூழற் சிதைவு, காலநிலை மாற்றம், பகை அயலார், நட்பு வணிகத்தின் இழப்பு என்பவற்றோடு ஐந்தாவதாகச் சமூகத்தின் எதிர்வினையை அவர் வைக்கும்போது ஒரு கேள்வி எழுகின்றது: எதிர்வினை காட்டும் அந்தச் 'சமூகம்' யார்?

இராசரட்டையை எடுப்போம். அநுராதபுரமும் பொலன்னறுவையும் வறண்ட வலயத்தில் குளங்களை நம்பி எழுந்தவை. 13ஆம் நூற்றாண்டில் அந்நாகரிகம் குலைந்தது. 1215இல் நிகழ்ந்த மாகனின் படையெடுப்பு, மலேரியா, மண் வளமிழந்தமை, நிர்வாகச் சிதைவு எனக் காரணங்கள் பலவாகப் பேசப்பட்டன. இவ்விவாதக் கட்டுரைகளைக் கா. இந்திரபாலா 1971இல் தொகுத்தார். சிங்களத் தேசியவாதிக்கு மாகன் ஒருவனே போதும். பழி தமிழர் மீது விழுந்துவிடும். அதற்கு மறுப்பாக நம்மிற் சிலர் மலேரியாவையும் வறட்சியையும் பற்றிக்கொள்கின்றனர். இரண்டும் போதா. அதேபோன்ற மழையும் மண்ணும் கொண்ட வன்னியில், சிறுகுளங்களைச் சுற்றிய ஊர்கள் தொடர்ந்து வாழ்ந்தன. பெருநீர்ப்பாசனம் சர்வாதிகார அரசைத் தோற்றுவிக்கும் என்ற விட்போகலின் கோட்பாட்டை 1959இல் மறுத்த எட்மண்ட் லீச், ஊர்க்குளத்தைப் பேண மைய அரசு தேவையில்லை என்று காட்டினார். வீழ்ந்தது அரசும் அதன் நீர் நிர்வாகமுமே; மண்ணன்று.

யாழ்ப்பாணத்தாராகிய நமக்கும் ஒரு புவியியற் கதை உண்டு. "வற்றாத ஆறில்லை, மண்ணும் வறண்டது, ஆகவே உழைத்தோம், படித்தோம், முன்னேறினோம்" என்பது அது. ஆறில்லை என்பது உண்மை. சுண்ணக்கல்லினுள் உவர்நீரின் மேல் தங்கிநிற்கும் மழைநீரே நமது கிணறு. அளவுக்கு மீறி இறைத்தால் உவரேறும். ஆனால் அக்கிணற்றில் யார் அள்ளலாம், யார் குடத்தோடு ஒதுங்கிக் காத்துநிற்க வேண்டும் என்பதைச் சுண்ணக்கல் தீர்மானிக்கவில்லை. சாதி தீர்மானித்தது. கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' எனப் பெயரிட்டதன் பொருள் நமது பெருமைக் கதையில் இல்லை. முன்னேறிய 'நாம்' யார் என்று கேட்டவுடன் அக்கதை தடுமாறுகிறது.

நான் வாழும் மில்பிடாஸ் அடங்கிய சாந்தா கிளாரா பள்ளத்தாக்கும் நிலத்தடி நீரால் வளர்ந்ததே. பழத்தோட்டங்களும் பின்னர் நகரங்களும் இறைத்த இறைப்பில் சான் ஹோசேயில் நிலம் ஏறத்தாழ 13 அடி தாழ்ந்தது. வெளியிலிருந்து நீரைக் கொண்டுவந்தும், தேக்கிய நீரை நிலத்துள் இறக்கியும் 1969 அளவில் அத்தாழ்வை நிறுத்தினர். இதனை அறிவுள்ள சமூகமொன்றின் வெற்றி எனலாம். ஆனால் அவ்வாறு வந்த நீர் வேறோர் ஆற்றுப்படுகைக்குரியது. அதனைக் கொண்டுவரும் செல்வமும் அரசியற் பலமும் இங்கிருந்தன.

புவியியல் எல்லைகளை இடுகின்றது. அவ்வெல்லைக்குள் பங்கீட்டைச் செய்வது அதிகாரம். ஊரின் மீள்கட்டுமானம் பற்றிப் பேசும்போது, நிலத்தடி நீர் எத்தனை காலம் தாங்கும் என்று கேட்கிறோம். அது அவசியமான கேள்வி. கிணறு யாருடையது என்பதையும் கூடவே கேட்க வேண்டும். அதைக் கேளாத புவியியல், நமது குற்றத்தை மண்ணின் தலையில் கட்டவே உதவும்.