கோவிவன் என்றொரு நாய்

தியேட்டரில் படம் தொடங்குமுன் தேசிய கீதம் கட்டாயம் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் நானும் பாப்கார்னைக் கீழே வைத்துவிட்டு 52 விநாடி நின்றிருக்கிறேன். எல்லையில் நிற்பவர்களுக்காக இதைக்கூடச் செய்யக் கூடாதா என்று அப்போது பலரும் கேட்டார்கள். நியாயம்தான். ஆனால் அந்த 52 விநாடியில் ஒரு சிப்பாயின் முகம்கூட என் நினைவுக்கு வந்ததில்லை.

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லை வாசித்தபோதுதான் இது உறைத்தது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் கல். கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளை மீட்கப் போய் இறந்தான். அவன் யாருடைய ஆள் என்பதும் அதில் இருக்கிறது. திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். 'மாவீரன்', 'தியாகச் சுடர்' என்று ஒரு அடைமொழி கிடையாது. யார், எதற்காக, கூட நின்றது யார் என்பது மட்டும்தான். 1,400 ஆண்டுகள் கழித்தும் அந்த நாய் கண்முன் நிற்கிறது. நம் ஃபிளெக்ஸ் பேனரில் அடைமொழி நிறைய இருக்கு, ஆளைத்தான் காணோம்.

எங்க தெருவில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற அவரைத்தான் கூப்பிடுவோம். சால்வை, கைத்தட்டல், மிட்டாய். 'எங்க இருந்தீங்க, கூட இருந்தவங்க யாரு?' என்று ஒருத்தரும் அவரிடம் கேட்டதில்லை. நானும்தான்.